சின்னப்பா தேவரின் யானையும் கொல்லிமலை வீட்டுச் சுவரும்

எம்.ஜி.எம். படம் என்றால் முதலில் கர்ஜிப்பது சிங்கம்தான். 1924-ல் தொடங்கி எத்தனையோ சிங்கங்கள் அந்த வளையத்துக்குள் தலை காட்டிவிட்டன. 2021 முதல் கம்ப்யூட்டரில் செய்த சிங்கம் கர்ஜிக்கிறது. தமிழ் சினிமாவுக்கு அப்படி ஒரு மிருகத்தைச் சொல்லச் சொன்னால்? பழைய ரசிகர்கள் யோசிக்கவே மாட்டார்கள். தேவர் பிலிம்ஸ் யானை!

சாண்டோ சின்னப்பா தேவர் 1956-ல் 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்தபோதே எம்.ஜி.ஆரைக் காளையோடு மோதவிட்டவர். 1977-ல் 'ஆட்டுக்கார அலமேலு'வில் ஆட்டையே ஹீரோ ஆக்கினார். நடுவில் 1971-ல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி'. அதுவே 1972-ல் எம்.ஜி.ஆர். நடிக்க 'நல்ல நேரம்' ஆனது. யானைகளோடு வளர்ந்தவனுக்குக் கல்யாணம் ஆகிறது. குழந்தை பிறந்ததும் மனைவிக்கு யானையைக் கண்டு பயம். வீட்டில் யானைக்கு இடம் உண்டா, இல்லையா? மொத்தப் படமும் இந்த ஒரு கேள்விதான்.

இதே கேள்வி கொல்லிமலையில் ஒரு வீட்டிலும் வந்தது. செம்மேடு பக்கம், மண்சுவர் வீடு. புதுப்பெண்ணாக இருந்தபோது பாட்டி தாத்தாவோடு மலையிறங்கிப் போய் 'நல்ல நேரம்' பார்த்தார். யானையை முதன்முதலில் பார்த்ததே திரையில்தான். தாத்தா வாங்கிய பாட்டுப்புத்தகத்தின் அட்டை அன்றிரவே மைதா பசையில் சுவரேறியது. அடுப்புப் புகையில் எம்.ஜி.ஆர். கறுத்துவிட்டார். யானை மட்டும் இன்னும் தெரிகிறது. தாத்தா இப்போது இல்லை.

70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் டூரிஸ்டுகளை நம்பி, வீட்டை இடித்து மூன்று ரூம் கட்டி வாடகைக்கு விடத் திட்டம் போட்டார் மகன். டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், சுவருக்குப் பட்டி என்று எல்லாம் முடிவாகிவிட்டது. அட்டையைப் பெயர்த்து பிரேம் போடலாம் என்றார்கள். கொத்தனார் விரலால் தொட்டுப் பார்த்தார். மண்ணோடு சேர்ந்து உதிர்ந்தது.

பாட்டி அழவில்லை. "யானைய வெளிய தொரத்திப்புட்டு யாருக்குப்பா வீடு கட்டற?" என்று மட்டும் கேட்டார்.

சுவர் நின்றது. சாரல் படாமல் மேலே தகரம் போட்டார்கள். சுற்றிலும் மூங்கில் பட்டையில் சட்டம் அடித்தார்கள். மூன்று ரூம் இரண்டானது. லாப நஷ்டக் கணக்குப் போட்டால் வருஷா வருஷம் ஒரு ரூம் வாடகை நஷ்டம்தான். அந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எந்த அக்கவுண்டன்சி புத்தகத்திலும் இல்லை.

ஃபால்ஸ் சீலிங்கைக் கடையில் வாங்கலாம். தாத்தா ஒட்டிய யானையை வாங்க முடியாது. புது வீடு கட்டுகிறவர்கள் பழைய சுவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு இடியுங்கள்.