கடலுக்கு விட்ட மீன்

திருக்கோணமலை நகரை விட்டு நிலாவெளி வீதியில் வடக்கு நோக்கிச் சில மைல் சென்றால் உப்புவெளி வரும். பெயரில் மட்டுமன்று, காற்றிலும் உப்பு உண்டு. வலப்புறம் நீண்ட மணற்கரை. அதற்கப்பால் வங்கக் கடல். தெற்கே, திருஞானசம்பந்தர் பாடிய கோணேசப் பெருமான் வீற்றிருக்கும் மலை கடலுள் நீண்டு நிற்கும். ஐப்பசியில் எழும் வாடைக்காற்று இக்கடலைக் கலக்கித் தைவரை ஆட்டிவைக்கும். சித்திரை பிறந்தபின் அதே கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும்.

அவ்வமைதிக் காலத்தில் ஒரே கரையில் இருவகைத் தொழில்கள் நடைபெறுகின்றன. கரைவலைக்காரர் இரு வரிசையாக நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இசையக் கயிறு இழுக்கின்றனர். மடி கரையேறும்போது சில நாளில் சாளையும் பாரையும் துள்ளும். சில நாளில் பாசியே மிஞ்சும். சற்றப்பால் உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகள். அவர்களை ஏற்றிய வள்ளங்கள் திமிங்கிலம் காணவும், தூண்டில் போடவும், புறாமலையைச் சுற்றிவரவும் புறப்படுகின்றன. வலைக்காரர் வாழ்வது கடலைவிட்டு வெளிவரும் மீனால். விடுதிக்காரர் வாழ்வது கடலிலேயே இருக்கும் மீனால். இவ்விரு வாழ்வும் ஒருங்கே நிலைக்குமா என்பதே இக்கரையின் வினா.

விடை தேடுவோர் புறாமலையைப் பார்த்தல் வேண்டும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள இச்சிறு தீவுகளில் மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் இவை சுடும் பயிற்சிக்கு இலக்காயின. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டன. தீவைச் சூழ்ந்த முருகைக்கற்பாறைகளுக்கிடையே வண்ண மீன்களும் சிறு சுறாக்களும் உலவுகின்றன. முருகைக்கல் கல்லன்று, நுண்ணுயிர்கள் கட்டிய மாளிகை. கிளைவிடும் வகைகள் ஆண்டுக்குச் சில அங்குலம் வளரலாம். திரண்ட பாறையாய் வளர்வன அதில் ஒரு சிறு பங்கே வளரும். வெடிவைத்து மீன் பிடிப்பவன் அம்மாளிகையை ஒரு நொடியில் தகர்த்துவிடுகிறான். 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் அதனைக் குற்றமென விலக்கியுள்ளது. ஆயினும் வெடி மட்டுமே பகையன்று. அழகைக் காண வந்தவர் ஆழமற்ற நீரில் பாறைமேல் காலூன்றி நின்றாலும் அது முறியும். அன்போடு வருபவனின் பாதமும் அறியாமையால் பகையாகிறது.

இந்துமாக்கடலின் மறுபுறத்தில் சீஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்போன்ஸ் தீவில் வேறொரு வழியைக் கைக்கொண்டுள்ளனர். அங்குள்ள விடுதிக்கு வருவோர் இறகுத் தூண்டிலால் மீன்பிடிப்பவர்கள். இறகையும் மயிரையும் நூலால் கட்டி, இறால் போலவும் சிறுமீன் போலவும் தோன்றச் செய்த இரை அது. அதற்குக் கனமில்லையாதலால், கனத்த கயிற்றைச் சாட்டைபோல் வீசி அதனைச் செலுத்துவர். இக்கலைக்காகவே ஆங்கிலேயர் 1880களில் நுவரெலியாவின் குளிர்நீரோடைகளில் திரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டனர். அல்போன்சில் பிடிபடும் பெரும்பாரைக்கு வேறு விதி. எதிர்முள் இல்லாத தூண்டிலை மெல்லக் கழற்றி, ஈரக் கையாற் பிடித்து, நீரிலேயே விட்டுவிடுவர். சந்தையில் ஒருமுறை விலைபோகும் மீன், கடலில் உயிரோடிருந்தால் பலமுறை பிரயாணியை வரவழைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

பிடித்த மீனை விடுதல் நமக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், நாள்தோறும் தம் வலையில் அகப்பட்ட மீனில் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டார். ஒரேயொரு மீன் கிடைத்த நாளிலும் அதனையே விட்டுத் தாம் பட்டினி கிடந்தார். ஆயினும் அவர் செயலும் பிரயாணியின் செயலும் ஒன்றாகா. நாயனார் விட்டது தம் உணவை. பிரயாணி விடுவது தம் விளையாட்டை. புலால் உண்ணாத நம்மவர் சிலர்க்கு, விடுவதற்கென்றே ஓர் உயிரைத் தூண்டிலில் மாட்டுதல் வீண்வதையாகவே தோன்றும். அவ்வெண்ணத்தில் நியாயமும் உண்டு. தூண்டிலின்றிக் கண்ணால் மட்டும் கண்டு மகிழ்பவர் அவரினும் மேலானவரே.

எனினும் இம்முறையில் நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: கடலைக் காப்பதில் விருந்தினருக்கும் ஒரு விதியும் ஒரு செலவும் உண்டென்பது. நம் கரையிலோ, காக்கும் பாரம் முதலில் வலைக்காரன் தலையிலேயே விழுகிறது. இங்கே வலை வீசாதே, அங்கே வள்ளம் ஓட்டாதே என்று அவனுக்குச் சொல்லுகிறோம். பிள்ளைகளின் பசிக்குக் கடலை நம்பியவனிடம் அதிபத்தரின் தியாகத்தை எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? பிரயாணியின் பணத்திற் பெறுபவர்கள் முதலில் விட்டுக்கொடுத்தல் முறை. நாளொன்றுக்குப் புறாமலைக்குச் செல்வோர் தொகைக்கு ஓர் எல்லை வகுக்கலாம். வள்ளம் ஏறுமுன் பாறைமேல் நிற்றலாகாதென்று விளக்கலாம். தூண்டில் வீசுவோரைப் பூங்காவின் எல்லைக்கு வெளியே நிறுத்தலாம். கடலின் குணமறிந்த மீனவனையே வழிகாட்டியாக்கி, மீன்பாட்டுக்கு ஈடான கூலியும் தரலாம். வெடியோசை கேட்டால் முதலில் குரலெழுப்புபவன் அவனாகவே இருப்பான்; ஏனெனில் உயிரோடிருக்கும் பாறை அப்போது அவனுக்கும் சோறிடும்.

கோணமலைக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள் ஒருநாள் உப்புவெளியிலும் தங்குக. கரைவலை இழுப்பதைக் காண்க. புறாமலைக்கும் சென்று வருக. ஆனால் நீரில் இறங்குமுன், கோயில் வாயிலில் நிற்பதாக எண்ணி ஒருகணம் நின்று, கால் படும் இடத்தைப் பார்த்து அடி எடுத்து வைக்க.