சங்கிலியின் மறுமுனை

கோண்டாவிலில் பிரதான வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் இரு பக்கமும் மதில்தான். கிடுகு வேலியும் படலையும் இருந்த இடங்களில் இப்போது ஆளுயர மதிலும் இரும்புக் கேற்றும். கேற்றிலே ‘கடிநாய் கவனம்’ என்று பலகை. சில வீடுகளில் பலகை மட்டும்தான் இருக்கிறது, நாய் இல்லை. அதுவும் ஒரு காவல்தான். உண்மையிலேயே நாய் நிற்கிற வீட்டை அறியப் பலகையைப் படிக்க வேண்டாம். சைக்கிளில் வருகிறவர்கள் எந்தக் கேற்றடியில் மறுகரைக்கு மாறுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

நான் தேடிப் போன வீட்டில் நின்றது கடுவன் றொட்வைலர். மாமரத்தின் கீழே சீமெந்துத் தரையில் கம்பி அடித்த கூடு. கூட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு முளை, அதில் இரண்டு பாகம் நீளமான சங்கிலி. சங்கிலி எட்டுகிற தூரம் வரை முற்றத்தில் ஒரு புல் கிடையாது. மண் வட்டமாகத் தேய்ந்து போயிருந்தது. என்னைக் கண்டதும் நாய் அந்த வட்டத்தின் விளிம்புக்குப் பாய்ந்து வந்து, கழுத்துப் பட்டி இறுகிக் குரல் கரகரக்கும் வரை குரைத்தது.

“கிட்டப் போகாதேங்கோ தம்பி, அவன் ஆக்களைக் கண்டால் விடமாட்டான்” என்றார் விறாந்தையில் நின்ற அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். ஐயாவுக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு களவு போனது. அதைக் கேள்விப்பட்ட மகன் அடுத்த கிழமையே காசு அனுப்பிக் கொழும்பிலிருந்து குட்டியை எடுப்பித்துக் கொடுத்துவிட்டார். “குட்டியா இருக்கேக்க என்ர மடியிலதான் கிடக்கும். இப்ப எனக்கே பயமாக் கிடக்கு.”

ஆர் அவிழ்த்து விடுறது என்று கேட்டேன். தோட்ட வேலைக்கு வருகிற பொடியன் பின்னேரங்களில் அவிழ்ப்பானாம். அவன் வராத நாளில் அவிழ்ப்பில்லை. சாப்பாடு? அம்மா செய்து காட்டினார். சோறும் மீன் தலையும் போட்ட அலுமினியத் தட்டை வட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டு, கொக்கத்தடியால் மெல்ல மெல்ல உள்ளே தள்ளினார். நாய் தட்டைப் பார்க்கவில்லை, தடியைப் பார்த்து உறுமியது. வளர்த்த கைக்கும் வளர்ந்த நாய்க்கும் இடையே அந்தத் தடிதான் மிச்சம்.

வளர்ந்த கடுவன் றொட்வைலர் ஐம்பது கிலோ வரும். அது ஒருமுறை இழுத்தால் அந்த அம்மாவால் நின்ற இடத்தில் நிற்க முடியாது. ஜேர்மனியின் றொட்வைல் நகரில் இறைச்சிக் கடைக்காரர்களின் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு மைல்கணக்கில் நடந்த இனம் இது. டோபர்மனும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் அப்போல்டா என்ற ஊரில் வரி அறவிட்டுத் திரிந்த லூயி டோபர்மன், தன் கூடவே நடக்கத் துணிந்த நாய் வேண்டும் என்று உருவாக்கியது. நாள் முழுக்க மனிதரோடு சேர்ந்து வேலை செய்யவென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த பிராணியைக் கொண்டுவந்து இரண்டு பாகச் சங்கிலியில் போட்டால், அது தானாக ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். ஒழுங்கையால் போகிற எல்லாரையும் விரட்டுவதுதான் அந்த வேலை.

சங்கிலிக்கும் கடிக்கும் உள்ள உறவு வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஆய்வில், வளவில் கட்டி வைக்கப்படும் நாய் கடிப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்று கண்டார்கள். கருத்தடை செய்யாத நாய்க்கு 2.6 மடங்கு. அதே ஆய்வில் ஜேர்மன் ஷெப்பேட் இனமும் கடித்த பக்கத்தில் கூடுதலாகவே இருந்தது. ஆகவே இனத்துக்குப் பங்கே இல்லை என்று நாய்ப் பிரியர்கள் சாதிப்பதை நான் ஏற்கவில்லை. ஊர் நாய் கடித்தால் காயம். றொட்வைலர் கடித்தால் சத்திரசிகிச்சை. ஆனால் இனத்தை மாற்ற எங்களால் முடியாது. சங்கிலியை மாற்றலாம்.

மறுநாள் விடியற்காலை இணுவிலில் ஒரு வெறுங்காணியில் நாய் பழக்குகிற இளைஞர் ஒருவரைப் பார்த்தேன். அவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் நாயைப் பிடிக்கப் போகிறவர் நேரில் வராவிட்டால் நாயை ஏற்கமாட்டார். “சில பேர் வந்து, கடிக்கப் பழக்கித் தாங்கோ எண்டு கேக்கினம் அண்ணை. நான் கேக்கிறது, கடிச்சபிறகு விடச் சொல்லி உங்களால சொல்லேலுமோ எண்டுதான்.” பெரும்பாலானோர் பதில் சொல்லாமல் போய்விடுவார்களாம்.

அன்று அவரிடம் வந்திருந்தது ஒரு டோபர்மன் பெட்டை. கூட வந்தவர்கள் பாடசாலைக்குப் போகிற மகனும் தாயும். பாடம் கேற்றிலே தொடங்கியது. தாய் கொளுக்கியில் கை வைக்கிறார், நாய் எழுந்து பாய்கிறது, கையை எடுத்துவிடுகிறார். ஏச்சில்லை, அடியில்லை. மறுபடி கை வைக்கிறார். “இரு” என்றதும் நாய் குந்தினால்தான் கொளுக்கி விலகும். குந்திய கணமே அவித்த கோழி ஈரலில் ஒரு சின்னத் துண்டு. துண்டு ஒரு நொடி பிந்தினால் நாய் எழுந்துவிடுகிறது. அப்போது எழுந்ததற்குத்தான் கூலி கொடுத்ததாகிவிடும். தாய்க்கு அந்த நொடியைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மகன் உடனே பிடித்துக்கொண்டான்.

நடுவில் ஒரு முச்சக்கரவண்டி கடந்து போக, நாய் உறுமியது. தாய் அடிக்கக் கையை ஓங்கினார். இளைஞர் தடுத்துவிட்டார். உறுமல் என்பது கடிக்கு முந்திய எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் அடித்துப் பழக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். பிறகு அந்த நாய் சத்தமில்லாமல் கடிக்கும். ‘ஒண்டும் செய்யாத நாய், திடீரெண்டு கடிச்சுப் போட்டுது’ என்று நாம் கேட்கிற கதைகளில் பாதியின் முன்கதை இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தப் பயம் குட்டிக் காலத்திலேயே வேர்விடுகிறது. பிறந்து மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் கிழமை வரையில் குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் சந்திக்கிறதோ அதெல்லாம் அதற்கு உலகம். குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர், கரண்ட் பில் எழுத வருகிறவர், ஓடுகிற பிள்ளைகள், கோயில் மேளம், திருவிழா வெடி. மதிலுக்குள் அந்தக் காலத்தைக் கழித்த குட்டிக்கு இவை எல்லாமே எதிரி. பிறகு திருத்தலாம், ஆனால் மாதக்கணக்காகும், முழுதாகத் திருந்தும் என்ற உறுதியும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டுக்குரியது. மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வருடந்தோறும் பதிய வேண்டும். நான் விசாரித்த வீடுகளில் பதிவைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்கள். சிரிக்கத் தேவையில்லை. இங்கே இன்றும் செல்லுபடியாகும் உரோமன்-டச்சுச் சட்டப்படி, சீண்டாமலே கடித்த நாயின் சொந்தக்காரரிடம் நட்டஈடு கேட்கலாம். நீதிமன்றப் படி ஏறப் போவது ரொறன்ரோ மகன் இல்லை, விறாந்தையில் நிற்கிற அம்மா.

மகன் இருக்கிற ஒன்ராறியோவில் 2005 முதல் பிற்புல் வைத்திருக்கத் தடை. இலண்டனில் இருப்பவருக்கு 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் இருக்கிறது. 2024 பெப்ரவரி முதல் எக்ஸ்எல் புல்லியையும் அங்கே சும்மா வைத்திருக்க முடியாது. விலக்குச் சான்றிதழ், காப்புறுதி, கருத்தடை, வெளியில் போனால் வாய்க்கவசம் எல்லாம் கட்டாயம். அங்கெல்லாம் சட்டத்துக்குப் பயந்து இப்படியொரு நாயை நினைத்தும் பார்க்காதவர்கள், ஊரிலே பெற்றோர் வீட்டுக்கு யோசிக்காமல் வாங்கி அனுப்புகிறார்கள்.

சாதி நாய்க்கு விசர் வராது என்று நினைப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். வரும். 1973இல் நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். பின்னர் அது வருடத்துக்குச் சில பத்துகளாகக் குறைந்ததற்குத் தடுப்பூசிதான் முக்கிய காரணம். கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாயைக் கொல்லக் கூடாது. 14 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும்.

அடக்க முடியாமல் போன நாய்கள் என்னவாகின்றன? சில, இரவில் வாகனத்தில் ஏற்றப்பட்டு எங்காவது இறக்கிவிடப்படுகின்றன. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்று சரணாலயம் நடத்துகிறது. ஆதரவற்ற தெருநாய்களுக்கு அது பெரிய புண்ணியம். நாங்கள் காசு கொடுத்து வாங்கிக் கெடுத்த நாயையும் அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு: குட்டிக்குக் காசு அனுப்ப முன்னர் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்து, நாளாந்தம் காலையும் மாலையும் அதை நடத்திக்கொண்டு போகப் போவது யார், ஐம்பது கிலோ ஆனபிறகு பிடிக்கப் போவது யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால் அனுப்ப வேண்டாம். மதிலுக்கு ஒரு விளக்கும், தடுப்பூசி போட்ட ஊர் நாய் ஒன்றும் போதும். கள்ளனைக் கண்டால் அதுவும் குரைக்கும். ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், பழக்குகிறவருக்கும் கருத்தடைக்கும் ஆகும் செலவை இந்த மாதமே அனுப்பி வையுங்கள்.