மட்டாஞ்சேரியில் ஒரு பகற்பொழுது

சென்ற ஆண்டு நமது அலுவலகத்தில் பெரியவர் ஒருவர்க்குப் பிரிவுபசார விருந்து நடைபெற்றது. உணவு ஏற்பாடு நம் பொறுப்பு. பாலக்காட்டுக் கடையொன்றிலிருந்து கோழிப் பிரியாணி தருவித்திருந்தோம். நம்முடன் பணிபுரியும் குமுளி நண்பர், தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பத்தைச் சேர்ந்தவர், இலைமுன் அமர்ந்து மெல்ல வினவினார்: “சார், கோழியை அறுத்தது யார்?” பன்றி இறைச்சி இல்லையெனில் போதுமென்று எண்ணியிருந்த நமக்கு விடை தெரியவில்லை. இரண்டு வாழைப்பழமும் ஒரு குவளைத் தேநீரும் உட்கொண்டு அவர் எழுந்துவிட்டார். முகஞ் சுளித்தாரில்லை, அதுவே நம்மை மிகவும் வருத்தியது.

சில திங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்நண்பருடன் கொச்சி செல்லும் வாய்ப்புக் கிட்டியது. எறணாகுளத்தில் வண்டியை விட்டிறங்கிப் படகேறி மட்டாஞ்சேரியை அடைந்தோம். அரண்மனையை ஒட்டிப் பகவதி கோயில். அதற்கு மிக அணித்தே 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயம். காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே புகுந்தோம். சீன நாட்டு நீலச் சித்திர ஓடுகள் பரப்பிய தரை குளிர்ந்திருந்தது. 1948இல் இசுரேல் நாடு தோன்றிய பின்னர்க் கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் அங்குக் குடியேறிவிட்டனர். பூந்தையற் கடை நடத்திய சாரா கோகன் அம்மையார், 2019இல் தம் 96ஆம் வயதில் காலமானார். முதுமையில் அவரையும் கடையையும் பேணியவர் ஒரு முஸ்லிம் அன்பர்.

வாசனைச் சரக்குக் கடையொன்றில் ஒரு முதியவருடன் உரையாட நேர்ந்தது. அவரும் முஸ்லிமே. சிறுவயதில் யூதர் இல்லங்கட்கு ஏவல்வேலை செய்தவராம். நண்பர் தம் மார்க்க முறைகளைக் கூற, முதியவர் யூதர் முறைகளைக் கூற, இடையே அமர்ந்து கேட்ட நமக்கு இவ்விரண்டும் ஒன்றே என்ற பழைய எண்ணம் கலைந்தது.

இரு சாராரும் பன்றியை விலக்குவர், குருதியை விலக்குவர், கழுத்தை அறுத்தே உயிர் போக்குவர். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவே. முஸ்லிம்களுள் முறையறிந்த ஆணோ பெண்ணோ எவரும் அறுக்கலாம். ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் பெயரை மொழிதல் வேண்டும். யூதரிடையே அதற்கெனப் பயின்று தகுதி பெற்றவரே அறுத்தற்குரியர். கத்தியின் வாயில் ஒரு சிறு பொளிவும் இருத்தலாகாதென்று நகத்தால் தடவிப் பார்ப்பராம். அறுத்த ஆட்டின் நுரையீரலையும் சோதிப்பர். தொடை நரம்பும் சிலவகைக் கொழுப்பும் நீக்கப்படும். வீட்டிற்கு வந்த இறைச்சியும் நேரே அடுப்பேறாது. அரைமணி நேரம் நீரில் ஊறவேண்டும். பின் ஒருமணி நேரம் உப்பிட்டு வைத்து, உதிரம் வடிந்தபின் கழுவவேண்டும். “எங்கள் வீட்டில் வடிந்தது போக எஞ்சியது குற்றமன்று, கழுவிச் சமைப்போம்” என்றார் நண்பர்.

பாத்திரச் செய்தியே நமக்கு மிகவும் வியப்பளித்தது. யூதர் இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமையார். ஆட்டுக்குட்டியை அதன் தாய்ப்பாலில் வேவித்தலாகாதென்ற கட்டளை அவர்தம் வேதத்தில் மூன்றிடங்களில் வருகின்றது. ஆதலின் இறைச்சிக்கொரு சட்டி, பாலுக்கொரு சட்டி. தட்டும் கரண்டியும் வேறு வேறு. உலோகப் பாத்திரம் தவறிப் பழுதுபட்டால் பெரும்பாலும் வெந்நீரிற் கொதிக்கவிட்டு மீட்கலாம். மண்சட்டியை மீட்க வழியில்லை. முஸ்லிம் இல்லத்தில் இப்பிரிவினை கிடையாது. தயிரில் ஊறாத ஆட்டிறைச்சிப் பிரியாணியை இராவுத்தர் வீட்டுப் பெண்டிர் பிரியாணியென்று ஒப்புவரோ என்பதே ஐயம்!

தயிரின்றி யூதர் குழம்பு எவ்வாறு சுவைத்ததென்று வினவினோம். முதியவர் சிரித்துக்கொண்டே, “தேங்காய்ப் பால் இருக்கிறதே!” என்றார். பாலைப்போல் வெளுத்துத் தோன்றினும் அது மரத்தின் காய் தந்தது, விலக்கில்லை. மலையாள மண்ணின் தென்னை, மோசே வகுத்த சட்டத்திற்குக் கைகொடுத்த விந்தையை என்னென்பது! ஆனால் கொச்சிக் காயலில் மலியும் இறாலும் நண்டும் செதிலும் துடுப்பும் இல்லாமையால் யூதர்க்கு ஆகா. மாப்பிள்ளைமார் அவற்றை உண்பர். ஹனபி வழியினரான தம் வீட்டில் நண்டு ஏறாதென்று நண்பர் இடைமறித்தார். ஒரே மார்க்கத்துள்ளும் வேற்றுமை உண்டென்பதை அப்பொழுதுதான் அறிந்தோம்.

வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை யூதர் அடுப்பு மூட்டார். முன்னரே சமைத்து இளஞ்சூட்டில் வைப்பர். அவர்தம் ஓய்வுநாள் வழிபாட்டில் திராட்சை மதுவிற்கு இடமுண்டு. முஸ்லிமுக்கோ அது அறவே விலக்கு. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், முன்னர் வேதம் பெற்றோரின் உணவு ஆகுமென்று இசைவளிக்கின்றது. முஸ்லிம் அறுத்த இறைச்சியை உண்ண யூதர்க்கு அத்தகைய இசைவு இல்லை. “அப்படியானால் யூதர் வீட்டு விருந்தில் நான் உண்ணலாம், என் வீட்டு விருந்தில் அவர்?” என்று நண்பர் வினவினார். “மீனும் சோறும் புதுச் சட்டியில் செய்து கொடுங்கள், செதிலுள்ள மீனாகப் பாருங்கள்” என்றார் முதியவர்.

சென்ற திங்களில் நம் இளைய மகளின் பிறந்தநாள் வந்தது. இல்லாள் புதிய அலுமினியச் சட்டியொன்று வாங்கிவைத்து, “அண்ணா, கோழியை நீங்களே அறுத்துத் தரவேண்டும்” என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டாள். காலை ஏழு மணிக்கே கத்தியுடன் வந்துவிட்டார். பகலில் மூன்றாம் முறையாகச் சோறு கேட்டபோது சட்டியில் மீதமில்லை. இல்லாள் நாணிப் போனாள்.