நீல வெளிச்சமும் அம்மம்மாவின் வெயிலும்

எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு விளம்பரம் வந்தது. ஏதோ ஒரு சிவப்பு விளக்கு. “இரத்தத்தைச் சுத்தமாக்கும், நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்” எண்டு போட்டிருந்தது. வழமையா இப்படியானதுகளைச் சிரிச்சுக்கொண்டு கடந்துபோவேன். இந்த முறை ஏலேல்லை. அதே கிழமைதான் அக்காவின் மகள், என் பெறாமகள், பிறந்து மூன்றாம் நாளில் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்துக்குக் கீழே படுத்திருந்தாள். அந்த வெளிச்சம் உண்மையாகவே அவளின் இரத்தத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

பழைய செங்குழியங்கள் உடையும்போது பிலிருபின் எண்ட மஞ்சள் பொருள் உருவாகிறது. எங்கட ஈரல் அதை நீரில் கரையக்கூடியதாக மாற்றி வெளியேற்றும். பிறந்த குழந்தைக்குச் செங்குழியங்கள் வேகமாக உடையும், ஈரலோ இன்னும் முழுசாகத் தயாராகியிருக்காது. அதனால் பல குழந்தைகள் கொஞ்சம் மஞ்சளாவது வழமை. ஆனால் அளவு மிஞ்சினால் பிலிருபின் மூளைக்குள் போய்ப் படியும். கேட்கும் திறன் போகலாம், கைகால் இயக்கம் பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம்.

மஞ்சள் பொருள் மஞ்சளாகத் தெரிவதே அது நீல ஒளியை உறிஞ்சுவதால்தான். சிகிச்சையின் சூட்சுமமும் அதுதான். ஏறத்தாழ 460 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளி தோலுக்குள் போனதும் பிலிருபின் மூலக்கூறின் வடிவம் மாறுகிறது. அந்தப் புது வடிவம், ஈரல் அதை நீரில் கரையக்கூடியதாக மாற்றவேண்டிய தேவை இல்லாமலே பித்தத்தோடும் சிறுநீரோடும் வெளியேறிவிடும். கழியூதாக் கதிர் இதற்குத் தேவையே இல்லை. கண்ணால் பார்க்கக்கூடிய சாதாரண நீலம் போதும்.

அம்மம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “உங்களையெல்லாம் காலமை வெயிலிலை காட்டித்தானே வளர்த்தனாங்கள். உந்த லைற் என்னத்துக்கு?” எண்டு கேட்டா. தாதி கோபப்படவில்லை. “வெயிலிலையும் இந்த நீலம் இருக்குதம்மா. ஆனா பிள்ளைக்கு எவ்வளவு போகுதெண்டு அளக்கேலாது. தோல் எரியும், சூடும் ஏறும்” எண்டா.

அம்மம்மாவின் கேள்வி வெறுங்கேள்வி இல்லை. இந்தச் சிகிச்சையே வெயிலில் இருந்துதான் பிறந்தது. 1956இல் இங்கிலாந்தின் ரொச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் எண்ட தாதி குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவா. ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை அவதான் கவனிச்சா. 1958இல் கிறெமரும் அவரோடு வேலை செய்தவர்களும் நீல விளக்கால் அதை அளந்து காட்டினார்கள். 2015இல் வெளியான நைஜீரிய ஆய்வொன்று, கழியூதாவையும் வெப்பத்தையும் வடிகட்டும் விசேட கூரைக்குக் கீழே வந்த வெயில் வழமையான விளக்குக்குக் குறைவில்லாமல் வேலை செய்வதைக் காட்டியது. வடிகட்டிய வெயில், கூடவே இரத்தப் பரிசோதனை. வெறும் முற்றத்து வெயில் அதற்கு ஈடில்லை.

இனி அந்தச் சிவப்பு விளக்கு. என்ன நிறம், இரத்தத்தில் எந்தப் பொருளில் வேலை செய்யும், வேலை செய்ததை எப்படி அளப்பது, எப்ப நிப்பாட்டுவது? நீல வெளிச்சத்துக்கு இந்த நாலுக்கும் பதில் இருக்கு. என் பெறாமகளின் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்து அளந்தார்கள். அளவு இறங்கினதும் விளக்கை அணைத்தார்கள். “சுத்தமாக்கும்” எண்ட சொல்லுக்கு அளவே இல்லை. நோயெதிர்ப்பைப் பொறுத்தவரை, மருத்துவத்தில் ஒளியைப் பெரும்பாலும் அதை அடக்கத்தான் பாவிக்கிறார்கள். சொரியாசிஸுக்குக் கழியூதா ஒளி கொடுப்பது, தோலில் அளவுக்கு மீறித் துள்ளும் நோயெதிர்ப்புக் கலங்களை அமைதியாக்கத்தான்.

எங்களில் பலர் இப்ப மாமா, சித்தி, அம்மா, அப்பா ஆகிற வயசு. அதனால் இதை மட்டும் நினைவில் வைச்சிருங்கோ. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், மஞ்சள் கால்வரை இறங்கினால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினால், வெயிலுக்குப் போகவேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. எங்கட நிறத் தோலில் மஞ்சள் லேசில் தெரியாது. கண்ணின் வெள்ளையையும் முரசையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கோ. அதுக்கு வெயில் நல்லா உதவும்.