மீட்டுப் பார்க்காத நகல்



சென்ற மாதம் நம் சபையின் தாயார் ஒருவர், மறைந்த தம் மகன் ஆராதனையில் சொன்ன சாட்சியின் ஒலிப்பதிவைக் கேட்டு வந்தார். சபை அலுவலகத்தின் சேமிப்புச் சர்வரில் அது இல்லை. இடம் போதவில்லையென்று பழைய பதிவுகளை அழித்தவன் நானே.

சர்வரில் இரண்டு ஹார்ட் டிஸ்குகள் உள்ளனவே என்று நம்பியிருந்தேன். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும், மெய்தான்; ஆனால் நாம் அழிப்பது அந்நொடியே இரண்டிலும் அழிந்துபோகும். இரவுதோறும் வெளி டிஸ்குக்கு பேக்கப் எடுக்கவும் அமைத்திருந்தோம். அதில் கணக்குக் கோப்புறை மட்டுமே தேர்வு செய்யப்பட்டிருந்தது. பேக்கப் வெற்றியென்று நாள்தோறும் மின்னஞ்சல் வந்தது, அது பொய்யுமல்ல. ஒலிப்பதிவு ஒன்றை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இப்போது எல்லாக் கோப்புறைகளையும் சேர்த்து, அழித்தவையும் 1 ஆண்டு நிற்கும்படி வைத்திருக்கிறோம். இன்னொரு நகல் மூப்பர் ஒருவர் வீட்டில் இருக்கிறது. மாதந்தோறும் ஒரு கோப்பை மீட்டு, திறந்து பார்க்கிறோம்.

யோயாக்கீம் ராஜா சுருளை எரித்தபோது பாருக்கிடம் வேறு நகல் இருந்ததாக எரேமியா 36 சொல்லவில்லை. சொன்னவர் உயிரோடிருந்தார், மறுபடியும் சொன்னார்.

அத்தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் மௌனமாயிருந்தவர், “எழுதிக்கொள்ளுங்கள், ஐயா” என்றார். மகனின் சாட்சியை நினைவிலிருந்து சொல்லச்சொல்ல எழுதினேன். நான்கு பக்கங்கள். இம்மாதம் மீட்டுத் திறந்தது அந்தக் கோப்பைத்தான்.