பீரோவுக்குள் இருந்த டிவிடெண்ட்

காலைல மெட்ரோ அமீர்பேட்டைத் தாண்டறப்ப போன்ல ஒரு மெசேஜ்.
சுந்தரம் ஃபைனான்ஸ் ஹோல்டிங்ஸ் டிவிடெண்ட் வரவு.

சின்னத் தொகைதான். ஆனா அப்பா ஞாபகம் வந்துடுச்சு.

இந்தக் கம்பெனிக்குன்னு சக்கரம் செய்யற பட்டறை கிடையாது.
வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, ஆக்சில்ஸ் இந்தியான்னு மத்த கம்பெனிங்களோட பங்கை வச்சிருக்கு.
அங்க வர்ற லாபம் முதல்ல இதுக்கு டிவிடெண்டா வரும். அப்புறம் இங்கிருந்து நமக்கு.
அப்படி வந்ததைக் குறிச்ச காலத்துக்குள்ள நமக்குப் பிரிச்சுக் கொடுத்தா, கொடுத்த அளவுக்கு இந்தக் கம்பெனிக்கு வருமான வரிக் கழிவு உண்டு. பழைய வருமான வரிச் சட்டத்துல இது பிரிவு 80எம்.
2020 ஏப்ரல்லேருந்து டிவிடெண்டுக்கான வரி நம்ம தலைலதான்.

அப்பா போன பிறகு பீரோவைத் திறந்தோம்.
வேற ஒரு கம்பெனியோட டிவிடெண்ட் வாரண்ட்டுங்க, ரப்பர் பேண்ட் போட்டு, கட்டா.
ஒண்ணைக்கூட பேங்க்ல போடல.
எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ப்பா.

தொடர்ந்து 7 வருஷம் வாங்காம விட்டா, பணம் மட்டுமில்ல, பங்கும் சேர்ந்து மத்திய அரசோட முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு (ஐஇபிஎஃப்) போயிடும்.
போனாலும் நம்மளுதுதான். ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டுத் திரும்பக் கேக்கலாம்.
வாரிசுச் சான்று, பழைய கையெழுத்துன்னு அலைச்சல் இருக்கு. நான் இப்ப அதுலதான் இருக்கேன்.

அப்பா அம்மா இருக்கறப்பவே ஒரு ஞாயித்துக்கிழமை கூட உக்காந்து கேளுங்க.
நாமினி போட்டாச்சா?
பேங்க் கணக்கு சேத்தாச்சா?

இப்படிப் போன பங்கை மீட்டவங்க யாராவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, எத்தனை மாசம் ஆச்சு?