ரெண்டு மணி நேர டிக்கெட்

2024 கோடையில பையனைப் பார்க்க பெர்லின் போயிருந்தப்ப நடந்தது. இத்தனை நாளா இதை எழுதாம இருந்ததுக்கு ஒரு காரணம் இருக்குங்க.

அந்த ஊர் ரயில் ஸ்டேஷன்ல தடுப்புக் கதவே கிடையாது. படியிறங்கினா நேரா பிளாட்பாரம், வண்டி வந்தா ஏறிக்க வேண்டியதுதான். சுரங்க ரயிலுக்கு ஊபான்னு பேரு, பெரும்பாலும் மேல ஓடுறது எஸ்பான். அதுபோக டிராம், பஸ். எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட். ஊரை ஏ, பி, சின்னு வட்டம் வட்டமாப் பிரிச்சிருக்காங்க. விமான நிலையம் சி வட்டத்துல இருக்கறதால அங்கிருந்து வர 4.40 யூரோ ஆச்சு. ஊருக்குள்ள, ஏ பி ரெண்டும் சேர்த்து, அப்ப 3.50. நம்ம காசுக்கு 300 ரூபாய்க்கு மேல!

டிக்கெட் வாங்கினா மட்டும் போதாது. பிளாட்பாரத்துல இருக்கற சின்னப் பெட்டியில சொருகி முத்திரை குத்தணும். குத்தாத டிக்கெட்டைப் பையில வெச்சிருந்தாலும் வித்தவுட்தான்.

"குத்துனதுல இருந்து ரெண்டு மணி நேரம் எதுல வேணும்னாலும் ஏறலாம்ப்பா"ன்னு பையன் சொல்லிக் கொடுத்திருந்தான்.

ஒருநாள் தனியாக் கிளம்பினேன். ஹெர்மன்பிளாட்ஸ்ல ஏறி, அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்ல இறங்கி, டிவி கோபுரத்தை அண்ணாந்து பார்த்துட்டு ஒரு மணி நேரத்துல திரும்பிட்டேன். அதான் இன்னும் நேரம் கிடக்கேன்னு அதே டிக்கெட்டோட ஏறிட்டேன். ரெண்டு ஸ்டேஷன் தாண்டியிருக்கும். எதிர்ல உட்கார்ந்திருந்த ஜீன்ஸ் போட்ட தம்பி எந்திரிச்சு அடையாள அட்டையைக் காட்டினார். நானும் தைரியமா டிக்கெட்டை நீட்டினேன். அவர் முத்திரையைப் பார்த்தார். கையை முன்னால நீட்டிக் காட்டி, அப்புறம் திருப்பிக் காட்டி, தலையை ஆட்டினார்.

விஷயம் இதுதான்: அந்த ரெண்டு மணி நேரம் ஒரே திசைக்கு. நடுவுல இறங்கலாம், வண்டி மாறலாம், ஆனா வந்த வழியே திரும்பக் கூடாது.

அபராதம் 60 யூரோ. எங்க காட்டுல களையெடுக்க வர்ற பத்துப் பன்னெண்டு பேருக்கு ஒருநாள் கூலி. பணத்தை விடுங்க, டவுன் பஸ்ல கூட டிக்கெட் எடுக்காம போகாதவன் நான். எல்லாரும் பார்க்கறாங்களோன்னு தலை குனிஞ்சே உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தா யாருமே பார்க்கல. அதுவும் என்னவோ மாதிரிதான் இருந்துச்சு.

அப்புறமா கட்டச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தாங்க. ராத்திரி பையன்கிட்ட காட்டினேன். அப்ப அவன்கிட்ட இருந்தது மாசம் 49 யூரோ டிக்கெட். ஜெர்மனி முழுக்க டவுன் பஸ்ஸு, உள்ளூர் ரயில் எல்லாம் அதுல போகலாம், முத்திரையும் குத்த வேண்டாம். அதனால ஒத்தை டிக்கெட்டோட சட்டம் அவனுக்கே சரியாத் தெரியல. தப்பு தன்மேலதான்னு முகம் சுண்டிப் போயிட்டான்.

"அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்ப்பா."

சொல்லல. வீட்டுக்காரம்மா இந்த பிளாக் பக்கம் வர்றதில்லைங்கற தைரியத்துலதான் இப்ப எழுதறேன். ஊருக்கு வர்றவங்க யாரும் போட்டுக் கொடுத்துறாதீங்க.